வேலை செய்ய இயலாமல் போனவருக்கு அரசிடமிருந்து என்ன கிடைக்கும்?

கேள்வி: என் கணவர் மேசன். கொந்தராத்துக்காரர் ஒருவரிடம் வேலை செய்தபோது மாடியிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டுவிட்டது. இனி வேலைக்குப் போக முடியாது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருக்கிறோம். அரசு உதவி கிடைக்குமா?

கிடைக்கும், சகோதரி. முதலில் உங்கள் கிராம அலுவலரிடம் போங்கள். பிறகு பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். வருமானம் குறைந்த குடும்பத்திலுள்ள மாற்றுத்திறனாளிக்கு மாதக் கொடுப்பனவு உண்டு. 2024 இல் 7,500 ரூபாயாக இருந்தது, 2025 இல் 10,000 ரூபாயாக உயர்ந்தது. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் அஸ்வெசும கொடுப்பனவு வேறு, இது வேறு. இரண்டையும் கேளுங்கள்.

மருத்துவக் கடிதத்தில் மிகவும் கவனமாக இருங்கள். என் தமையன் களஞ்சியமொன்றில் 14 வருடம் மூட்டை தூக்கியவர். பாரிசவாதத்தால் வலக்கையும் காலும் வழங்காமல் போயின. நாங்கள் கொண்டுபோன கடிதத்தில் இருந்தது ஒரே வரி: "பாரிசவாதம், சிகிச்சை தொடர்கிறது." விண்ணப்பக் கோவை அசையவே இல்லை. அடுத்த கிளினிக்குக்கு அண்ணி ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு போனார். சட்டைப் பொத்தான் பூட்ட முடியாது, தேநீர்க் கோப்பை கையில் நிற்காது, கிணற்றடிக்குப் போக ஆள் பிடிக்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். வைத்தியர் அதை வாசித்து, தமையனை நடக்கச் சொல்லிப் பார்த்து, புதிதாக ஒரு பக்கம் எழுதித் தந்தார். அதன் பிறகுதான் வேலை நகர்ந்தது. நீங்களும் அப்படியொரு தாள் எழுதுங்கள்.

ஆனால் மாதக் கொடுப்பனவோடு நின்றுவிடாதீர்கள். கணவருக்கு எப்போதாவது ஊழியர் சேமலாப நிதி கட்டப்பட்டிருந்தால் அது அவருடைய சொந்தக் காசு: சம்பளத்தில் அவருடைய பங்கு 8 வீதம், முதலாளியின் பங்கு 12 வீதம். ஆண்கள் 55 வயதில் எடுப்பது வழக்கம். நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்று மருத்துவச் சான்று இருந்தால் அதற்கு முன்பே எடுக்கலாம். தமையனுக்கு 47 வயதில் கிடைத்தது. இந்தச் சான்றில் நோயின் பெயர் மட்டும் போதாது, 'நிரந்தரமாக வேலை செய்ய இயலாது' என்பது தெளிவாக இருக்க வேண்டும். ஊழியர்களுக்கான இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தையும் விசாரியுங்கள்.

உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, என் தமையனுக்கு இல்லாதது. கணவர் விழுந்தது வேலையின்போது. 1934 ஆம் ஆண்டிலிருந்தே வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி நட்டஈடு கொடுக்க வேண்டியவர் வேலைக்கு வைத்தவர். "நாள் கூலிதானே" என்று கொந்தராத்துக்காரர் சொன்னால் அந்தப் பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

அயலில் சிலர் மாதக் கொடுப்பனவைப் "பிச்சைச் சம்பளம்" என்பார்கள். அந்தச் சொல்லுக்காகவே என் தமையன் மூன்று மாதம் விண்ணப்பத்தைத் தொடவில்லை. அந்த மூன்று மாதமும் அண்ணி கடனில்தான் மருந்து வாங்கினார். உங்கள் வீட்டில் அது நடக்க வேண்டாம்.

விழுந்த திகதி, இடம், அன்று கூட வேலை செய்தவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் இன்றிரவே எழுதி வையுங்கள். அந்த வீடு கட்டி முடிந்ததும் அவர்கள் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விடுவார்கள்.