வாசிப்பு வட்டம் மூன்றாவது வாரமே கலைந்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

பல்கலைக்கழக நண்பர்களோடு கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' படிக்க ஆரம்பித்தோம், மூன்றாவது வாரத்தில் பாதிப் பேரைக் காணோம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்திருப்பீர்கள். இருபது கஜம் லினன் துணி ஒரு கோட்டுக்குச் சமம் என்று வரும் இடத்தில்தான் எல்லா ஊரிலும் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். அதற்காக அவர்களுக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மார்க்ஸே 1867 நவம்பரில் நண்பர் கூகல்மனுக்கு எழுதிய கடிதத்தில், கூகல்மனின் மனைவி உடனே படிக்கத் தோதானவை என்று வேலைநாள், இயந்திரம், ஆதித் திரட்டல் (முதலாளிகள் கையில் முதன்முதலில் மூலதனம் சேர்ந்த கதை) பகுதிகளைத்தான் சொன்னார்.

நான் சென்னையில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தபோது எங்கள் வட்டமும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று, தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. கையில் இருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு வேலைநாள் அத்தியாயத்துக்குத் தாவினோம். மசோதாவையும் தொழிற்சாலைகள் சட்டத்தில் வேலை நேரம், ஓவர்டைம் பற்றிய 51, 54, 59 பிரிவுகளையும் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்தோம். வாரத்துக்கு 48 மணி நேரம் மாறவில்லையே, நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு, இதில் என்ன நஷ்டம் என்று ஒருவன் கேட்டான். அமைச்சர்கள் சொன்ன விளக்கமும் அதுதான், நியாயமான கேள்வியும்கூட.

பதில் சொன்னது அதுவரை வாயே திறக்காத ஒரு தோழி. அவளுடைய அக்கா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவர். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம் என்றால் கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரம் எந்தக் கணக்கில் வரும், ஒன்பது மணி நேரத்துக்கு மேல் போனால் 59-வது பிரிவுப்படி கிடைக்கும் இரட்டைச் சம்பளம் என்ன ஆகும், விடுப்பு நாளில் வரச் சொன்னால் ஒப்பந்தத் தொழிலாளி முடியாது என்று சொல்லிவிட்டு மறுநாள் உள்ளே போக முடியுமா என்று வரிசையாகக் கேட்டாள். நாளுக்கு இருபது மணி நேரம்வரையும், சில சமயம் இடைவெளியே இல்லாமல் நாற்பது, ஐம்பது மணி நேரமும் வேலை பார்த்த ரயில்வே ஊழியர்கள் விபத்துக்காக நீதிமன்றத்தில் நின்ற கதை அந்த அத்தியாயத்தில் வருகிறது, அதை அன்றைக்கு அவளே வாசித்தாள். எதிர்வாதம் செய்தவன் அடுத்த வாரம் இன்னும் நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்தான். மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்த பிறகும் எங்கள் விவாதம் ஓயவில்லை.

'ஓ, கம்யூனிஸ்ட் பிரச்சாரமா' என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் ஆடம் ஸ்மித்தையும் படித்தோம். கூலியை உயர்த்தாமல் இருக்க முதலாளிகள் எப்போதும், எல்லா இடத்திலும் சத்தமில்லாமல் கூட்டுச் சேர்ந்தே இருக்கிறார்கள் என்று 1776-லேயே எழுதியவர் அவர். அதையும் பிரச்சாரம் என்பீர்களா?

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது, வட்டத்தில் யார் வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது. நெசவு, கட்டுமானம், டெலிவரி, எதுவாக இருந்தாலும் சரி. அதற்குப் பொருந்தும் பகுதியை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுப் பிள்ளையை முதலில் பேசவிடுங்கள். நிறையப் படித்தவர் கடைசியில் பேசட்டும்.

அப்புறம், இடம். உங்களுக்கு அறை கிடைத்திருக்கிறதா என்று தெரியவில்லை, எங்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. பேச்சாளர் பட்டியல் கொடு, பொறுப்பாசிரியர் கையெழுத்து கொடு என்று அலையவிட்டார்கள், கையெழுத்துப் போட ஆசிரியர்களுக்கும் பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015-ல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை ஒரு மொட்டைக் கடிதத்தை வைத்துத்தானே ரத்து செய்தார்கள்? நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு ஜூனில் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் எங்களுக்கு அறை தராத அதே வளாகத்தில் கம்பெனிக்காரர்கள் வந்து தன்னம்பிக்கைப் பேச்சு பேசினால் ஏசி அரங்கம், டீ, பிஸ்கட் எல்லாம் உண்டு. நாங்கள் கேட்டது ஒரு மின்விசிறியும் உட்கார இடமும்தான். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.