ஏழை நாடுகளில் ஒரு சுகாதார நிலையத்துக்கு எத்தனை செவிலியர் தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

ஆயிரம் பேருக்கு மருத்துவர், செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர் எல்லோரையும் சேர்த்து 4.45 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்ன அளவு நாடுகளை ஒப்பிடத்தான் உதவும். பணியிடம் நிரப்ப அது போதாது. அதற்கு உகாண்டா போன்ற நாடுகள் பயன்படுத்திய 'விஸ்ன்' (WISN) என்ற, பணிச்சுமையைக் கொண்டு ஆள் தேவையைக் கணக்கிடும் முறையே பொருத்தம்.

முதலில் ஒருவர் ஆண்டில் உண்மையில் வேலை செய்யும் நேரம். ஆண்டின் 260 வேலை நாளில் விடுமுறை, நோய், பயிற்சி என 45 போனால் 215 நாள். எட்டு மணி வீதம் 1,720 மணி. ஒரு கர்ப்பகாலப் பரிசோதனைக்கு 20 நிமிடம் என்றால் ஒருவரால் 5,160 பரிசோதனை முடியும். பதிவேட்டில் ஆண்டுக்கு 12,900 பரிசோதனை இருந்தால் 2.5 பேர் தேவை. பதிவெழுத்து, கூட்டம் முதலியவற்றுக்கு 20% நேரம் போகிறதா? 2.5-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும்: 3.125. பலர் 20% கூட்டி 3 என்று நிறுத்திவிடுகிறார்கள். இருப்பது 2 பேர் என்றால் இருப்பவருக்கும் தேவைக்கும் உள்ள விகிதம் (2 ÷ 3.125) 0.64, ஒன்றுக்குக் கீழே போகப் போகச் சுமை அதிகம்.

பெரிய ஓட்டை பதிவேட்டில்தான். மருந்து தீர்ந்த மாதங்களில் நோயாளிகள் வருவதில்லை. எண் குறைந்து, ஆள் வேண்டாம் என்று கணக்கு சொல்லும். அத்தகைய மாதங்களைத் தனியே பார்த்துத் திருத்துங்கள்.

பிரசவ அறைக்கு இந்த வாய்பாடு மட்டும் போதாது. பிரசவம் குறைவாக இருந்தாலும் 24 மணி நேரமும் ஒருவர் இருக்க வேண்டும்: ஆண்டின் 8,760 மணியை 1,720-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 5.1, அதாவது ஐந்து பேருக்குச் சற்று மேல்.