அறுத்த காடுதானே என்று உள்ளே இறங்கிவிடாதே தம்பி

மினியாபொலிஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஹெச்1பி விசா, ஆபீஸில் ஃபெசன்ட் என்ற கோழி இனக் காட்டுப் பறவை வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், விவசாயிகளின் நிலத்துக்குள் நாம் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகலாம். ஆனால் நிலத்துக்கு முன்னால் துப்பாக்கி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தப்பு நடந்தால் விசாவுக்கே ஆபத்து. ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது இங்கே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. அதனால் நண்பர் "சும்மா பிடித்துப் பார்" என்று நீட்டினாலும் லைசென்ஸ் எடுக்கும்வரை தொடாதே, உன் குடியேற்ற வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். 1979-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். அந்த வகுப்பை முழு மனசோடு படி.

சரி, நிலம். நம் ஊரில் அறுவடை முடிந்த காட்டில் யார் வேண்டுமானாலும் குறுக்கே நடப்போம், ஆடு மேயும், யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில்தான் நான் முதல் வருஷம் மார்ஷல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு புல்காட்டில் இறங்கினேன். வேலி இல்லை, போர்டு இல்லை. பத்து நிமிஷத்தில் நிலத்துக்காரர் பிக்கப்பில் வந்து நின்றார். மினசோட்டாவில் விவசாய நிலத்துக்குப் போர்டே தேவையில்லை, உழுத நிலம், மக்காச்சோளத் தாள் நிற்கும் நிலம் மட்டுமல்ல, நட்டு வளர்த்த புல்வெளியும் அதில் சேரும், அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே அத்துமீறல் என்று அவர்தான் பொறுமையாகச் சொன்னார். தப்பு முழுக்க என்னுடையது. மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அப்புறம்தான் 'வாக்-இன் ஆக்சஸ்' திட்டம் தெரியவந்தது. மாநில இயற்கை வளத்துறை 2011-ல் தொடங்கியது. விவசாயிக்கு ஏக்கர் கணக்கில் பணம் கொடுத்து அவருடைய புல், சதுப்பு நிலங்களை வேட்டைக்காரர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். லைசென்ஸோடு 3 டாலர் கூடுதலாகக் கட்டினால் போதும், மஞ்சள் கலந்த பச்சையில் அறுகோணப் பலகை இருக்கும் இடமெல்லாம் செப்டம்பர் 1 முதல் மே 31 வரை யாரிடமும் கேட்காமல் இறங்கலாம். ஆனால் நடந்துதான் போக வேண்டும். வண்டியை ரோட்டோரம், அவர் டிராக்டர் நுழையும் வாயிலை அடைக்காமல் நிறுத்து. பலகையின் எல்லை எங்கே முடிகிறது என்று வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே நட, அடுத்த காடு வேறொருவருடையது. சுட்ட தோட்டாக் கூட்டைப் பொறுக்கிக்கொண்டு வா. இந்தத் திட்டம் விவசாயி மனசு வைத்தால்தான் ஓடும், நாலு பேர் அசிங்கம் பண்ணினால் அவர் அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமாட்டார். இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன்.

ஃபெசன்டில் சேவலை மட்டும்தான் சுடலாம், காலை 9 மணிக்கு முன் கூடாது. இடுப்புக்கு மேல் ஆரஞ்சு உடை கண்டிப்பாகப் போடு.

பலகை இல்லாத நிலமா? துப்பாக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு, வேட்டைக்கு முந்தைய வாரமே பகலில் போய்க் கதவைத் தட்டு. எங்கே வேலை, யாரோடு வருகிறாய், எந்தத் தேதி என்று சொல். முடியாது என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பு. அன்று என்னைத் திருப்பி அனுப்பியவரின் கதவை மறு வருஷம் நான் அப்படித்தான் தட்டினேன். அந்தப் புல்காட்டிலேயே நடக்கவிட்டார்.