லேடி கேத்தரின்: குடிப்பெருமையும் பெண்ணுக்கான இலக்கணமும் (கேள்வி பதில்)

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் செல்வச் சீமாட்டியான லேடி கேத்தரின் டி பர்க் குறித்த கேள்விகளுக்கு மட்டும் விடை தருகிறேன். திரைப்படத்தில் பார்த்ததை நாவலின் கணக்கில் எழுதிக் கேட்க வேண்டாம்.

கேள்வி: கணவர் சர் லூயிஸ் டி பர்க் என்றால், இவரை ‘லேடி டி பர்க்’ என்றல்லவா அழைக்க வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. இவர் ஓர் ஏர்லின், அதாவது உயர்குடிப் பட்டம் உடைய பிரபுவின், மகள். அத்தகைய மகளுக்கு ‘லேடி’ என்பது பிறப்பால் வருவதால், அது அவருடைய சொந்தப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது; ‘சர்’ பட்டம் மட்டும் உடைய ஒருவரை மணந்தாலும் விலகுவதில்லை. அதே கதையின் லேடி லூகஸுக்குப் பட்டம் கணவர் வழியாக வந்தது. அந்தக் கணவரோ மெரிட்டன் என்னும் சிற்றூரில் வணிகம் செய்து பொருள் சேர்த்து, மேயராக இருந்தபோது மன்னருக்கு வாழ்த்துரை அளித்து ‘சர்’ ஆனவர். யார் பிறந்தவர், யார் வந்து சேர்ந்தவர் என்பதை அழைக்கும் பெயரே அறிவித்துவிடுகிறது.

கேள்வி: கதாநாயகி எலிசபெத் பென்னட்டை ஏன் இவ்வளவு வெறுக்கிறார்?

பதில்: எலிசபெத்தை விரும்பும் செல்வந்தர் டார்சியைத் தம் மகள் ஆனுக்கு என்று தொட்டிலிலேயே முடிவு செய்துவிட்டார் என்பது ஒரு காரணம். மற்றொன்று நுட்பமானது. தானும் ஒரு கனவானின் மகள் என்று எலிசபெத் சொல்லும்போது அதை மறுக்க முடியாமல், உடனே அவளுடைய தாய் யார், அவ்வழி உறவினர் யார் என்று தாவுகிறார். தாய்மாமன் லண்டனில் தம் கிடங்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் குடியிருக்கும் வணிகர். தாயின் உடன்பிறந்தாளின் கணவர் சிற்றூர் வழக்கறிஞர். டார்சியின் உயர்வையும் இவர் தாய்வழியில்தான் நிறுவுகிறார் என்பதைக் கவனியுங்கள். ஏனெனில் அந்தத் தாய் இவருடைய சகோதரி.

கேள்வி: பெண்வழிக்குச் சொத்து போகாமல் கட்டிவைப்பது தேவையற்றது என்கிறாரே, இவர் பெண்ணுரிமைவாதி இல்லையா?

பதில்: இல்லை. பென்னட் குடும்பத்துச் சொத்து ஐந்து மகள்களையும் விட்டுவிட்டு உறவினர் காலின்ஸுக்குப் போவதைப் பற்றிப் பேசும்போது, காலின்ஸின் மனைவி சார்லட்டுக்காக மகிழ்வதாகச் சொல்லிவிட்டுத்தான் அவ்வாறு கூறுகிறார். சர் லூயிஸின் குடும்பத்தில் அது தேவைப்படவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். ரோசிங்ஸ் மாளிகையின் வாரிசு அவர் மகள். தம் வீட்டு வழக்கத்தைப் பொதுவிதியாக உரைப்பது அவருடைய பழக்கம். அதே விருந்தில்தான், மூத்தவர்களுக்கு மணமாகுமுன் இளையவர்கள் சமூகத்தில் அறிமுகமானதையும், ஐந்து பெண்களை ஆசிரியை இல்லாமல் வளர்த்ததையும் குற்றமாக எடுத்துக் கேட்கிறார்.

கேள்வி: முந்தைய பதிலை ஏற்க இயலாது. ஆண்துணையின்றி ஒரு பண்ணையையே ஆளும் பெண்ணை எப்படிப் பழமைவாதி என்பது?

பதில்: ஆளுகிறார், ஆனால் எந்த இடத்தில் நின்று ஆளுகிறார்? அக்கால ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவருக்குள் அடங்கிவிடும். 1870, 1882 சட்டங்களுக்குப் பிறகுதான் அவளுடைய சொத்துரிமை சீரடைந்தது. கைம்பெண்ணுக்கோ அந்தத் தடை இல்லை. இவருடைய சுதந்திரம் செல்வமும் கைம்மையும் கூடித் தந்தது. கதைசொல்லியின் ஒரு கிண்டலையும் பாருங்கள்: இவர் முறைப்படி நீதிபதி அல்லர், ஆயினும் தம் வட்டாரத்தில் மிகச் சுறுசுறுப்பான நீதிபதி, செய்திகளைப் பாதிரியார் காலின்ஸ் கொண்டுவந்து சேர்ப்பார், இவர் போய்க் குடியானவர்களைத் திட்டி ஒற்றுமையையும் செழிப்பையும் உண்டாக்குவார்! இங்கிலாந்தில் பெண்கள் உண்மையாகவே அப்பதவிக்கு வர 1919ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. தமக்கு மூடியிருந்த கதவை இவர் பக்கவாசல் வழியாகக் கடந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பக்கவாசலை எலிசபெத்துக்குத் திறந்துவிடவில்லை. இத்தனை இளம் வயதில் இவ்வளவு உறுதியாகக் கருத்துச் சொல்கிறாயே என்று வியந்தவர் அவர்தான்.

கேள்வி: பியானோ வாசிப்பாரா?

பதில்: கற்றதில்லை. கற்றிருந்தால் பெரும் தேர்ச்சி பெற்றிருப்பேன் என்பார்.

கேள்வி: எலிசபெத் மீது அவருக்கு என்ன கோபம்?

பதில்: இரண்டாம் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி: நள்ளிரவில் வந்து மிரட்டும் காட்சியில் அவர் மனநிலை என்ன?

பதில்: நள்ளிரவு திரைப்படத்தில். நாவலில் அவர் காலையில், நான்கு குதிரை வண்டியில் வருகிறார். முதலிலேயே சொன்னேன்.

கேள்வி: கடைசியில் மனம் மாறினாரா?

பதில்: திருமணச் செய்திக்கு அவர் எழுதிய வசைக் கடிதத்தால் உறவு சில காலம் முறிந்தது. எலிசபெத்தின் வற்புறுத்தலால் டார்சி சமாதானத்துக்கு முயன்றார். லேடி கேத்தரினும் பிறகு டார்சியின் மாளிகையான பெம்பர்லிக்கு வந்தார். சகோதரியின் மகன் மீதுள்ள பாசமா, அவன் மனைவி எப்படி நடந்துகொள்கிறாள் என்று பார்க்கும் ஆவலா என்று கதைசொல்லி முடிவு சொல்லவில்லை. என் கணிப்பு, ஆவல்தான்.