என் நாய் கடிக்காது என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்

கேள்வி: பூங்காவில் நாயைக் கயிற்றில் பிடித்துத்தான் நடத்த வேண்டும், வாய்மூடி போட வேண்டும், மீறினால் அபராதம் என்று உள்ளாட்சி நிர்வாகம் விதிப்பது நியாயமா? சாதுவான நாய்க்கும் இதெல்லாம் எதற்கு?

"சாதுவான நாய்" என்பதைப் பார்த்ததும்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் நாய் வாங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். நாய் பிடிக்காதவன் எழுதுகிறான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். என்னுடையது லாப்ரடார் கலப்பு, 32 கிலோ. இதை எழுதும்போதும் என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, பூங்காவில் ஆள் இல்லை என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். ஒரு திருப்பத்தில், பெரியவர் ஒருவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். குனிந்த மனிதர் என்றால் என் நாய்க்கு விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். "பயப்படாதீங்க, கடிக்காது!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் அவர் விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் டாக்டர் "நாய்க்கடியா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பெரியவரே, "இல்லைங்க, அது கொஞ்சத்தான் வந்துச்சு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான்கு நாள் கழித்து அலுவலர் வந்து நாயின் தோலுக்கடியில் வைத்திருக்கும் அடையாளச் சிப்பை ஸ்கேன் செய்தார். அதில் நாய் இருக்கும் இடம் தெரியும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்தது வெறும் 15 இலக்க எண். அந்த எண்ணுக்கு நேரே பதிவாகியிருந்தது என் பழைய ஃபோன் நம்பர். அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். புகார் கொடுத்தது பெரியவர் இல்லை. மேல்மாடிக்காரர் மீதுதான் எனக்குச் சந்தேகம். நாய் குரைக்கிறது என்று மாதம் ஒரு கடிதம் எழுதுகிறவர், இரவு பதினொன்றரைக்கு நாற்காலியைத் தரதரவென்று இழுப்பார். அதற்கு எந்த விதியும் இல்லை. சரி, அதை விடுங்கள்.

கயிறு விதிக்கு இப்போது நான் முழு ஆதரவு. அதிலும் பட்டனை அழுத்தினால் நீளும் ரகம் வேண்டாம். நாய் பாய்ந்த பிறகு இழுத்து நிறுத்த முடியாது. இரண்டு மீட்டர் சாதாரணக் கயிறு போதும்.

எல்லா நாய்க்கும் எப்போதும் வாய்மூடி என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். நாய்க்கு வியர்வை பாதத்தில்தான், அதுவும் சொற்பம். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகையைப் போட்டு வெயிலில் நடத்தினால் அதன் உயிருக்கே ஆபத்து. கடித்த வரலாறு உள்ள நாய்க்குக் கட்டாயமாக்கட்டும், அதுவும் வாயைத் திறக்க இடம் விடும் கூடை வகையை.

மலம் அள்ளும் விதியில் எனக்குச் சண்டையே இல்லை. நியூயார்க்கில் 1978இலேயே அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். நாயின் மலத்தோடு வெளிவரும் உருளைப்புழு என்ற குடற்புழுவின் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அப்புறம் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். அதனால் உடனே அள்ளுவதில்தான் பலன். ஆனால் அபராதப் பலகையை நான்கு இடத்தில் நட்டவர்களுக்கு ஒரு குப்பைத்தொட்டி வைக்கத் தோன்றவில்லையே! பையைக் கையில் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நடந்தவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

உங்கள் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தால் போங்கள். "என் நாய் நல்ல நாய்" என்று அங்கே பேசாதீர்கள். வேலி போட்ட தனி இடமோ, அவிழ்த்துவிடக் குறிப்பிட்ட நேரமோ கேளுங்கள். அதுவரை நீளமான பயிற்சிக் கயிற்றில் வைத்து, கூப்பிட்டால் திரும்பி வரப் பழக்குங்கள். என்னுடையது இப்போது பத்துக்கு ஒன்பது முறை வருகிறது. பத்தாவது முறை அங்கே அணில் நிற்கும்.