ஃபைலைப் பரணிலிருந்து இறக்குங்கள்

கேள்வி: வயது 52. கோத்தகிரிப் பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம். ஆறு வருடம் முன்பு பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் புற்றுநோய் வந்து, கோவையில் ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து குணமானேன். இப்போது மூன்று மாதமாக மலம் போகும்போது ரத்தம், அரிப்பு, ஓரத்தில் சிறு கட்டி. இங்குள்ள டாக்டர் மூலநோய் என்று களிம்பு கொடுத்தார். மாப்பிள்ளையின் சித்தி அங்கே நர்ஸ் என்பதால் பழையதைச் சொல்லவில்லை. ஃபைல் பரணில் கிடக்கிறது. தையில் மகள் கல்யாணம். அதுவரை களிம்பு போதுமா?

பதில்: களிம்பை விடுங்கள். அந்தச் சித்திக்குப் பயந்து டாக்டரிடம் நீங்கள் மறைத்தது ஊர்க்கதையா? இது ஆசனவாய்ப் புற்றுநோயாக இருக்கலாம் என்று காட்டும் துப்பே அதுதான். அது தெரியாத எந்த டாக்டரும் மூலம் என்றுதான் முதலில் நினைப்பார். குற்றம் அவர் மேல் இல்லை.

ஒரு செடியில் கொப்புள நோய் கண்டால் பக்கத்துச் செடியைப் பார்க்காமல் விடுவீர்களா? ஆசனவாய்ப் புற்றுநோயில் பெரும்பாலானவற்றுக்கு ஹெச்.பி.வி. வைரஸ்தான் காரணம், அதிலும் 16ஆம் வகை. உங்களுக்கு வந்தது போன்ற புற்றுநோய்க்கும் பல நேரம் அதே வைரஸ்தான். இரண்டு இடமும் ஒட்டியே இருக்கின்றன. வைரஸ் ஒன்றோடு நிற்பதில்லை. கர்ப்பப்பை வாயில் நோய் வந்தவர்களைவிட, உங்களைப் போல வெளிப்பகுதியில் வந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். அதனால்தான் 2024இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், தொந்தரவே இல்லாவிட்டாலும் இவர்களுக்கு நோய் கண்ட ஒரு வருடத்துக்குள் ஆசனவாய்ப் பரிசோதனையைத் தொடங்கச் சொல்கிறது. உங்களுக்கோ ரத்தமும் கட்டியும் வந்துவிட்டன.

இந்த வாரமே போங்கள். உள்ளூர் வேண்டாமென்றால் முன்பு வைத்தியம் பார்த்த கோவை ஆஸ்பத்திரிக்கு. இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். கையுறை போட்டு, ஜெல் தடவிய விரலால் உள்ளே தடவிப் பார்ப்பார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது. பிறகு சின்னக் குழாய் வைத்துப் பார்த்து, தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் தொட்டுப் பார்ப்பார்கள். சந்தேகமான இடத்தில் சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். விரல் வைத்துப் பார்க்காமல் மீண்டும் களிம்பு எழுதினால் எழுந்து வராதீர்கள், கேளுங்கள்.

ஃபைல் எதற்கு? ரேடியேஷன் பட்ட சதையில் வெட்டினாலோ மூலத்துக்கு ரப்பர் வளையம் போட்டாலோ புண் லேசில் ஆறாது. ரேடியேஷனாலேயேகூட ரத்தம் வரலாம். புற்றுநோயாகவே இருந்தாலும், மருந்தோடு ஐந்தாறு வாரம் ரேடியேஷன் கொடுத்து ஆசனவாயை எடுக்காமலே குணப்படுத்த வழி உண்டு. ஆனால் ஒருமுறை ரேடியேஷன் வாங்கிய இடத்தில் இன்னும் எவ்வளவு தாங்கும் என்பதைப் பழைய டோஸ் சீட்டு பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முடியாதென்றால் ஆபரேஷன், மலம் சேர வயிற்றில் நிரந்தரப் பை. தை வரை கட்டியை வளர விட்டால் உங்களுக்கு மிஞ்சும் வழி குறையும்.

சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் தெரியட்டும். தாய்க்கு நோய் வந்ததற்காகப் பின்வாங்குகிற வீடு, நாளை மருமகள் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்குமா? நீங்கள் ரத்தம் வடிய மணமேடையில் நிற்பதைத் தியாகம் என்று நான் சொல்லமாட்டேன். மகளுக்குச் செய்யும் வஞ்சனை அது.

அவளிடம் இன்று ராத்திரியே சொல்லுங்கள். இது பரம்பரையாக இறங்கும் நோய் அல்ல. ஆனால் 26 வயது தாண்டவில்லையென்றால் ஹெச்.பி.வி. தடுப்பூசி போடலாம்: மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து இரண்டாம் மாதமும் ஆறாம் மாதமும். முதல் ஊசியைக் கல்யாணத்துக்கு முன்பே போட்டுவிடச் சொல்லுங்கள்.