எதிர்ல வர்ற லைட்டு கண்ணக் கூசுது, நானும் எல்இடி பல்பு மாத்தலாமா?

கேள்வி: வீடு திருவொற்றியூர், வேலை மணலியில. செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி பைக்ல வர்றப்ப எதிர்ல வர்ற ட்ரெய்லர் லைட்டுல ரோடே தெரியல. ஹாலஜன் பல்ப எடுத்துட்டு எல்இடி போட சொல்றாரு கடைக்காரரு. போடலாமா?

பதில்: வேணாம் தம்பி. உங்களுக்கு வெளிச்சம் பத்தாம இல்ல, கண்ணு கூசுது, அவ்ளோதான். நீங்க பெரிய லைட்டு போட்டா எதிர்ல வர்றவருக்கும் கண்ணு கூசும், உங்களுக்குக் கூசுறது துளியும் குறையாது.

ஹாலஜன் பல்புல கம்பி எந்த இடத்துல எரியுதோ அதுக்குக் கணக்கு பண்ணித்தான் ஹெட்லைட்டுக்குள்ள வெளிச்சத்த முன்னாடி திருப்புற ரிஃப்ளெக்டர் செஞ்சிருப்பாங்க, அதுல எல்இடிய சொருகினா வெளிச்சம் செதறி மேல அடிக்கும், கடையில செவுத்துல அடிச்சுக் காட்டுறப்ப பளிச்சுனு இருக்கும், ரோட்ல போனாதான் லட்சணம் தெரியும். அட்டையில "ஆர்டிஓ அப்ரூவ்டு"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி விப்பாங்க, நம்பாதீங்க, ஆர்டிஓ ஆபீஸ்ல பல்புக்கு அப்ரூவல் தர்ற வேலையே கிடையாது. வயர வெட்டி டேப் சுத்தி அனுப்பிடுவாங்க, முதல் மழையில ஷார்ட் ஆனா அந்தக் கடைக்காரரு வருவாரா? சட்டப்படி அனுமதி இல்லாத மாத்தம்னு புடிச்சா 5000 ரூபா வரைக்கும் ஃபைன் வேற.

கம்பெனியிலேர்ந்தே எல்இடியோட வந்த வண்டிய நான் சொல்லல. அதுல லென்ஸு, ரிஃப்ளெக்டரு, சூட்ட வெளிய தள்ளுற அலுமினியம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தி செஞ்சது, டிம் போட்டா வெளிச்சம் ஒரு கோட்டோட நிக்கும். "அவன் வண்டியில இருக்கே"ன்னு அதக் காட்டி உங்களுக்கு வெறும் பல்ப விப்பாங்க, ரெண்டும் ஒண்ணில்ல.

மொதல்ல ஹெல்மெட் கண்ணாடியப் பாருங்க, கீறல் இருந்தா எதிர் லைட்டு அதுல பட்டு நாலாபக்கமும் பரவும், அத மாத்தினாலே பாதி சரியாயிடும். அப்புறம் சமதரையில செவுத்துக்கு 5 மீட்டர் தள்ளி வண்டியில உக்காந்து டிம் போடுங்க, வெளிச்சத்தோட மேல் ஓரம் ஹெட்லைட்டோட நடு உயரத்துக்கு நாலு விரக்கட கீழ நிக்கணும், இல்லனா ஹெட்லைட்ட ஏத்தி எறக்குற ஸ்க்ரூவத் திருப்பி எறக்குங்க. பின்னாடி ஆள் ஏத்துனா முன்பக்கம் தூக்கும், அப்பவும் பாத்துக்கோங்க. எதிர்ல வண்டி வந்தாலும், முன்னாடி ஒருத்தர் போனாலும் டிம்தான்.

கண்ணு கூசுற நேரம் லைட்டப் பாக்காம இடது ஓரத்து வெள்ளக் கோட்டப் பாருங்க, உடனே வேகத்தக் குறைங்க, 60ல போனா ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் குருடா போறீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுப் பக்கம் டெயில் லைட்டும் இல்லாம ரிஃப்ளெக்டரும் இல்லாம ஓரத்துல ட்ரெய்லர நிறுத்தி வச்சிருப்பாங்க, ஹெல்மெட்டுக்கு மடக்குறவங்க அதக் கேக்குறதே இல்ல, எத்தன பேரு போய் மோதினாலும் மறுநாளும் அங்கயேதான் நிக்குது!